ஆரஞ்சு நூல்

காலை நடையின் கடைசிப் பிள்ளையையும்
பள்ளி வாசலில் உதிர்த்துவிட்டு
மஞ்சள் பேருந்தைப் பாலத்தோரம் நிறுத்துகிறேன்.
மூன்று மணி வரை
நான் யாருக்கும் ஓட்டுநர் இல்லை.

அக்டோபர், ஐடஹோ.
பெக்வித் ஓடை தொடைவரை ஏறுகிறது.
தண்ணீர் ரப்பர் காலுறைக்கு வெளியேதான்,
எலும்புக்கு அது யாரும் சொல்லவில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.
இங்கே அது கைவேலை:
பின்னால் ஒரு வீச்சு,
நரம்பு முழுக்க நீளும்வரை ஒரு மூச்சுப் பொறுத்து
முன்னால் ஒரு வீச்சு.
பொறுக்காதவள் தூண்டிலில்
முதுகுக்குப் பின்னால் நிற்கும் வில்லோ மரம் விழும்.
இந்த மாதம் மட்டும் மூன்று மரம் பிடித்தேன்.

முடிச்சின் நுனியில் என் பொய்:
வாத்தின் பிட்டத்து இறகு,
முயல் காதின் மயிர், சாம்பல் நூல்.
நேற்றிரவு சமையல் மேசையில்
கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கி
அரிசியைவிடச் சிறிதாய் ஒரு ஈ செய்தேன்,
உயிர் தவிர மற்றதெல்லாம் வைத்து.

பதினொன்றே காலுக்கு மேகம் இறங்கியது.
உடனே எழும்பின அசல் பூச்சிகள்,
ஈசலுக்குத் தூரத்துச் சொந்தம்,
சாம்பல் பாய் விரித்த படகுகள்.
ஒரு நாள் ஆயுள்; தின்ன வாய்கூடக் கிடையாது.
அவற்றைத் தின்னத்தான் எத்தனை வாய்!
பாறைக்குப் பின்னால் ஒரு வளையம்.
இன்னொன்று.
அவசரமான முத்தத்தின் சத்தம்.

மூன்றாம் வீச்சில் கவ்வியது.
ஓடை மொத்தமும் ஒற்றை நரம்பு வழியே வந்து
என் மணிக்கட்டுக்குள் உதைத்தது.

வலைக்குள் பழுப்பு டிரவுட்.
வெண்ணெய் வயிறு,
சிவப்புப் புள்ளிகளைச் சுற்றி நீலம்,
ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கோட்டுக்கு வெளியே தீட்டியதுபோல்.
கையை நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும்,
உலர்ந்த கை அதற்குத் தீ.

கீழ்த்தாடை ஓரத்தில் என் ஈ.
மேல்தாடையில் இன்னொன்று.

பழையது.
இறகு உதிர்ந்து, கொக்கி துருவேறி,
பாசி பிடித்து.
ஆனால் கழுத்தில் மூன்று சுற்று
ஆரஞ்சு நூல்.

இந்தப் பள்ளத்தாக்கில் ஆரஞ்சில் முடிப்பவன் ஒருவன்தான்.
ஓர்வில் ஹாஸ்கட், என் மேற்கு வேலிக்காரன்.
நான்கு வருடம் முன் ஒரு ஜூலையில்
வாய்க்கால் மதகை இரவில் திறந்தது யாரென்று கேட்டேன்.
கேட்ட விதம் சரியில்லை.
அவன் பதில் சொன்ன விதமும்.
என் புல் காய்ந்தது, அவன் புல்லும் காய்ந்தது,
அதோடு கையசைப்பும் காய்ந்தது.

இடுக்கியால் இரண்டையும் கழற்றினேன்.
மீனை நீரோட்டத்துக்கு முகம் காட்டிப் பிடித்திருந்தேன்,
செவுள் தன் கணக்கைத் தானே எண்ணத் தொடங்கும்வரை.
பிறகு கையில் வெறும் தண்ணீர்.

ஆக, அவனும் இங்கே நின்றிருக்கிறான்.
இதே பாறை. இதே முழங்கால் வலி.
நரம்பு அறுந்த நொடியில்
என்ன வார்த்தை சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும்,
மதகுக்கும் அதைத்தான் சொன்னான்.
தனியாகச் சிரித்தேன், சத்தமாக.
வளையங்கள் நின்றுபோயின.

மூன்றரைக்கு அவன் மகள் டெஸ்ஸா இறங்கும்போது
புதினா மிட்டாய் டப்பாவை நீட்டினேன்.
"அப்பாவிடம் கொடு. திறக்காதே, குத்தும்.
பாறைக்குப் பின்னால் இருந்தது என்று சொல்.
பதினான்கு அங்குலம்."

மறுநாள் அவள் வெறுங்கையோடு ஏறினாள்.
கேட்கக் கூடாது என்றிருந்தேன்.
கேட்டுவிட்டேன்.
"பதினாறு என்றார்," என்றாள்,
ஜன்னலோர இருக்கை தேடிக்கொண்டே.

கதவை மூடினேன்.
பக்கக் கண்ணாடியில்
வேலியோரம் காபிக் குவளையோடு அவன்.
கை அசையவில்லை.
குவளை மட்டும் கொஞ்சம் உயர்ந்தது.
குடிப்பதற்காகவும் இருக்கலாம்.